பாதாம் ‘பால்’ குழந்தைக்குப் போதுமா?

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பத்து மாசக் குழந்தை. பசும்பால் கொடுத்தா உடம்பெல்லாம் தடிப்பு வருதாம். ஆபீஸ்ல ஒருத்தர் பாதாம் பால் கொடுங்கன்னு சொல்றார், மாமியார் ஆட்டுப்பால் கொடுங்கறாங்க. எதைக் கேக்குறதுன்னு தெரியலைன்னு சொன்னாங்க.

ரெண்டுமே வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

பால் ஒத்துக்கலைன்னா உடனே ‘லாக்டோஸ் பிரச்சினை’ன்னு சொல்லிடுறோம். லாக்டோஸ்ங்கிறது பால்ல இருக்கிற சர்க்கரை. தாய்ப்பால்ல அது பசும்பாலைவிட அதிகம். அதனால கைக்குழந்தைக்குப் பிறவியிலேயே லாக்டோஸ் ஒத்துக்காம இருக்கிறது ரொம்ப அபூர்வம். தடிப்பு வருதுன்னா சந்தேகப்பட வேண்டியது பாலோட புரதத்தை. அது அலர்ஜி, வேற கதை. ஆட்டுப்பால் புரதமும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான், உடம்பு ரெண்டையும் ஒண்ணாவே நினைச்சுக்கும். ஏ2 பாலும் பசும்பால்தானே! தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. அது போதலைன்னா, புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டா உடைச்சுத் தயாரிச்ச ஃபார்முலாவை டாக்டர் எழுதிக் கொடுப்பார். கசக்கும், விலையும் அதிகம். ஆனா இந்தக் குழந்தைக்குன்னே செஞ்சது அதுதான்.

சரி, பாதாம் பால்? 200 மில்லி பசும்பால்ல ஆறு கிராமுக்கு மேல புரதம் இருக்கு. கடையில வாங்குற பாதாம் பானம் பலதுல ஒரு கிராம் வந்தாலே பெருசு. மீதி பெரும்பாலும் தண்ணிதான். பெரியவங்க காபியில ஊத்திக்கலாம், பிரச்சினையில்ல. குழந்தைக்கு அதுதான் சாப்பாடுன்னா?

2001ல பீடியாட்ரிக்ஸ்ங்கிற மருத்துவ இதழ்ல அமெரிக்க டாக்டர்கள் ரெண்டு குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. ஒரு குழந்தைக்கு 22 மாசம். எக்ஸிமா இருந்ததால பால் ஆகாதுன்னு நினைச்சு, தாய்ப்பால் நிறுத்தின பிறகு அரிசி பானம் கொடுத்திருக்காங்க. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்! வயிறு நிறைஞ்சது, புரதம் போகலை. க்வாஷியோர்கர் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. பஞ்ச காலத்துப் படங்கள்ல உடம்பு வீங்கிப்போய் இருக்கிற குழந்தைகளைப் பார்த்திருப்பீங்களே, அந்த நோய். இன்னொரு குழந்தைக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்க்காத சோயா பானத்தால ரிக்கெட்ஸ். ரெண்டு வீட்டுலயும் நல்லதுன்னு நம்பித்தான் கொடுத்தாங்க. எனக்கு இதுதான் பயமா இருக்கு.

நம்ம ஊர்ல பாதாம், ஓட்ஸ் பானங்கள் மேல ‘பால்’னு அச்சடிக்கக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதியே இருக்கு. ஆனா நம்ம வாயில அது பால்தான். பேக்கட்டோட முன்பக்கம் மார்க்கெட்டிங் டீம் எழுதினது, பின்பக்கம்தான் டாகுமென்டேஷன். அதைப் படிங்க.

ஒரு வயசு தாண்டினதும் கதை கொஞ்சம் மாறும். அலர்ஜி இல்லைன்னா காய்ச்சின சாதா பால் போதும். அலர்ஜி இருந்தா, இல்ல நீங்க வீகன்னா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு சோயா பானம் கொடுக்கலாம். புரதத்துல பசும்பாலுக்குப் பக்கத்துல வர்றது அதுதான். சர்க்கரை சேர்க்காதது, கால்சியம், வைட்டமின் டி, பி12 சேர்த்ததான்னு பாருங்க. நல்லா குலுக்கி ஊத்துங்க, கால்சியம் அடியில தங்கிடும். அரிசி பானம் வேண்டாம். ஆர்சனிக் இருக்கிறதால பிரிட்டன்ல அஞ்சு வயசுக்குள்ள கொடுக்காதீங்கன்னே சொல்றாங்க. மத்தபடி கேழ்வரகு, பருப்பு, முட்டைன்னு தட்டுலயும் சத்து இருக்கு, எல்லாத்தையும் டம்ளர்லயே தேட வேண்டாம்.

தெருவுல கழுதைப்பால் வந்தா ஒரு பாலாடை பச்சையா ஊத்துற பழக்கம் இன்னும் இருக்கு. காய்ச்சாத எந்தப் பாலும் குழந்தைக்கு வேண்டாம். பாட்டிகிட்ட சண்டை போடாம சொல்லிப் பாருங்க.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு: தடிப்பை போட்டோ எடுத்து வைங்க. எதைக் கொடுத்தீங்க, எவ்வளவு, எத்தனை நிமிஷத்துல வந்ததுன்னு போன்ல குறிச்சுக்கிட்டு குழந்தை டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் அந்தப் பாலைத் திரும்பக் கொடுத்து டெஸ்ட் பண்ணாதீங்க. உதடோ முகமோ வீங்கினா, மூச்சு இழுத்தா, குழந்தை துவண்டு போனா, அப்பாயின்ட்மென்ட் பார்க்காம 108க்கு அடிங்க.