பத்து ரூபாத் தண்டம்

(சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில், "விபசாரத்தைச் சட்டபூர்வமாக்கலாமா?" என்னும் பொருள்பற்றி ஆற்றப்பெற்ற உரை.)



மொழியுரிமை பற்றியும் காணியுரிமை பற்றியும் பேசிப் பழகிய மேடையில் இன்று விபசாரத்தைப் பற்றிப் பேச நிற்கின்றோம். "தமிழனுக்குள்ள தலையிடி போதாதென்றா இதையும் தூக்கி வைக்கிறீர்கள்?" என்று அன்பர் ஒருவர் கேட்டார். சட்டத்தின் பெயரால் மனிதரை வீதியில் பிடித்து, விசாரணை என்னும் பெயருக்கே பொருந்தாத ஒன்றை நடத்தி, மறியலுக்கு அனுப்பும் வழக்கம் எங்கிருந்தாலும் அதைக் கேட்கும் கடமை எமக்குண்டு. தகுந்த காரணமின்றிக் கைதாவது எத்தகையது என்பதை எம்மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

முதலிற் கேள்வியையே சற்றுத் திருத்திக்கொள்வோம். விபசாரத்தைச் சட்டபூர்வமாக்கலாமா என்று கேட்பவர், அது இன்று சட்டவிரோதம் என்று எண்ணிக்கொண்டே கேட்கிறார். வயது வந்த ஒருத்தி பணம் பெற்று ஒருவனுடன் கூடினாள் என்பதை மாத்திரம் குற்றமாக்கும் பிரிவு எமது நாட்டுச் சட்டத்தில் இல்லை. சட்டம் படித்தவர்களிலும் சிலர் இதைக் கேட்டு வியப்பர். சட்டம் தண்டிப்பது அச்செயலைச் சூழ்ந்தவற்றையே: வீதியில் நிற்றல், அழைத்தல், விடுதி நடத்துதல், அவளது வருவாயிற் பிறர் வாழ்தல். ஆகவே எம்முன் உள்ள வினா, இச்சட்டங்கள் யாரைப் பிடிக்கின்றன, யாரை விடுகின்றன என்பதேயாம்.

இவற்றுள் மூத்தது 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். அதற்கு அடுத்த இலக்கத்தையும் பாருங்கள். 1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வேலையாட்களின் ஒப்பந்தம் பற்றியது. ஒப்பந்தத்தை முறித்துத் தோட்டத்தை விட்டுப் போன கூலியாளைச் சிறைக்கனுப்ப வழிசெய்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. தோட்டத்தை விட்டுப் போனால் ஒரு சட்டம். போனவன் வேலையின்றித் திரிந்தால் மற்றொரு சட்டம். இரண்டையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்றெடுத்தது ஒரே சட்டசபை. எங்கள் தோட்டத் தொழிலாளரைக் கட்டிவைத்த கயிற்றின் மறுமுனையே இன்று கொழும்பு வீதியில் நிற்கும் பெண்ணைக் கட்டுகின்றது.

அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பொதுவீதியில் திரிந்து ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் "பொது விபசாரி"யைச் சோம்பேறிகளோடும் பிச்சைக்காரரோடும் ஒரே வரிசையில் வைக்கின்றது. முதற் குற்றத்துக்குப் பதினான்கு நாள் வரை சிறை, அல்லது பத்து ரூபா வரை தண்டம். பிற்காலத்திற் சேர்ந்த 7 ஆம் பிரிவு, பொது இடத்தில் அழைப்பு விடுப்போர்க்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது நூறு ரூபா வரை தண்டம் என்கின்றது.

பத்து ரூபாவுக்கு இன்று ஒரு கோப்பை தேநீரும் கிடையாது. அப்படியிருக்க இத்தண்டத்தால் என்ன கேடு என்று கேட்பீர்கள். நீதவான் நீதிமன்றங்களிற் பழகியோர் அறிவர். பிடிபட்டவள் பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். குற்றம் செய்தாள் என்பதால் அன்று. மறுத்தால் தவணைமேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் பஸ் செலவு, இழந்த நாள், பிள்ளையைப் பார்க்க ஆள், ஊரில் பரவும் பேச்சு. ஒப்புக்கொண்டால் மத்தியானத்துக்குள் வீடு. தண்டத்தையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் தரகன் கட்டுகிறான். கட்டியதை அவள் கணக்கில் எழுதிக்கொள்கிறான். அரசாங்கத்துக்குப் பத்து ரூபா. தரகனுக்கோ பல மாத அடிமை. கட்டாக்காலி மாட்டைப் பிடித்தால் உடையவன் யார் என்றாவது விசாரிக்கிறோம். இப்பெண்ணின் உழைப்பை உண்பவன் யார் என்று அன்று மாலை எவரும் விசாரிப்பதில்லை. அவனைத் தண்டிக்க அதே சட்டத்தில் 9 ஆம் பிரிவு இருக்கின்றது என்பதைக் கூறிவைக்கிறோம்.

இன்னொன்று. பாலியல் நோயையும் எயிட்ஸையும் தடுப்பதற்கென நடைபெறும் தேசியத் திட்டம் இப்பெண்களிடம் ஆணுறை வழங்குகின்றது. அதே ஆணுறை பைக்குள் இருந்ததைச் சான்றாகக் காட்டிக் கைது செய்த நிகழ்ச்சிகள் எமது நாட்டில் உண்டு. அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை மறுகை சான்றுப் பொருளாக எடுக்கின்றது. இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியர்கள் இதன் விளைவை எம்மினும் நன்கறிவர்.

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சொல்லுகின்றதே, பேரம் பேசிய ஆண் வீட்டுக்குப் போகப் பெண் மாத்திரம் கூண்டில் நிற்பது எங்ஙனம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடை கசப்பானது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 16 ஆம் உறுப்புரை என்றொன்றுண்டு. அவ்வமைப்பு வருமுன்னரே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்று அது காப்பளிக்கின்றது. விக்டோரியா மகாராணியார் காலத்துச் சட்டத்துக்குக் குடியரசு கொடுத்த கவசம் அது! எனவே நீதிமன்றத்தை நாடி இதை வீழ்த்த முடியாது. பாராளுமன்றமே செய்தல் வேண்டும். அதனாலேயே இது அரசியல் மேடைக்குரிய பொருளாகின்றது.

சரி, அனுமதிப்பத்திரம் கொடுத்து, பதிவு செய்து, வைத்தியப் பரிசோதனையும் நடத்தி அரசே ஒழுங்குபடுத்தினால் என்ன என்பார் பலர். கள்ளுக்கடைக்கு இல்லையா அனுமதி என்பார். இதைச் செய்து பார்த்தாயிற்று. பிரித்தானியாவில் 1864 இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. படைமுகாம்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், பொலிசார் ஐயுற்ற பெண் எவளையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். நோய் கண்டால் மருத்துவமனையில் அடைத்தனர். சிப்பாயைப் பரிசோதிக்கவில்லை. இலங்கைக்கும் 1867 இல் இத்தகைய சட்டம் வந்து சேர்ந்தது. ஜோசபின் பட்லர் என்னும் அம்மையார் 1869 முதல் ஊரூராகச் சென்று இதை எதிர்த்தார். கண்ணியமான பெண்கள் வாயெடுத்துச் சொல்லக் கூசிய பொருளை மேடையேற்றினார் என்று பத்திரிகைகள் அவரை ஏசின. 1886 இல் அச்சட்டங்கள் அங்கே ஒழிந்தன.

அது பழங்கதை என்பீர்களாயின், ஜேர்மனியைப் பாருங்கள். 2002 இல் இத்தொழிலின் ஒப்பந்தங்களைச் சட்டம் அங்கீகரித்தது. 2017 இல் ஒவ்வொரு பெண்ணும் பதிவு செய்தல் வேண்டும் என்று விதித்தது. 2019 முடிவிற் பதிவு செய்திருந்தோர் ஏறத்தாழ 40,000 பேரே. தொழிலில் உள்ளோர் இதனினும் மிகப் பலர் என்பதை அங்குள்ளோர் மறுப்பதில்லை. ஏன் பதியவில்லை? ஏட்டில் ஏறிய பெயர் அழியாது என்று பெண்கள் அஞ்சினர். ஜேர்மனியில் அந்நிலையென்றால், அயல் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை அறிந்த எமது ஊர்களில், கச்சேரிக்குப் போய் எந்தப் பெண் தன் பெயரை எழுதிக் கொடுப்பாள்? எழுதாதவள் மீண்டும் குற்றவாளி ஆவாள். அனுமதிப்பத்திர முறை பழைய வலையைக் கழற்றிப் புதிய வலையை வீசுவதேயாகும். அதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

சுவீடன் 1999 இல் வேறு வழி கண்டது. விற்பவள் குற்றமற்றவள், வாங்குபவனே குற்றவாளி. நோர்வே, ஐஸ்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து ஆகியன பின்னர் இவ்வழியிற் சென்றன. எம் நெஞ்சு இவ்வழியிற் சாய்வதை மறைக்க மாட்டோம். வரைவின் மகளிர் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுரை கூறியதும் ஆணுக்கே. பரத்தன் என்ற ஆண்பாற் சொல்லும் பழந்தமிழில் இருந்தது. பரத்தையை மாத்திரம் வைத்துக்கொண்டு அதை வழக்கிலிருந்து போக்கிவிட்டோம்! ஆயினும் சட்டத்தை நெஞ்சினால் மாத்திரம் எழுதலாகாது. வட அயர்லாந்தில் 2015 இல் இம்முறை வந்தபின், அந்நாட்டு நீதித் திணைக்களத்துக்காகக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்து 2019 இல் வெளியிட்ட ஆய்வு, வாங்குவோர் குறைந்ததற்குச் சான்றில்லை என்றது. பிடிபடுவோமென்று அஞ்சும் ஆண் விளக்கில்லாத இடத்துக்கு அழைப்பான். அங்கே போக வேண்டியவள் அவளே. எமது நாட்டிலோ அதே பொலிஸ்காரர் அதே சந்தியில் நிற்பார். கப்பம் வாங்க அவருக்கு ஒருவருக்குப் பதில் இருவர் கிடைப்பர்.

நியூசிலாந்து 2003 இற் செய்ததே எமக்கு மிகுந்த பாடம் தருவது. 60 வாக்குக்கு 59 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் அச்சட்டம் நிறைவேறியது. அங்கும் இது இலகுவாக நடந்ததன்று. வயது வந்தோரின் இத்தொழில் குற்றவியற் சட்டத்திலிருந்து அகற்றப்பட்டது. எந்த நேரத்திலும் மறுக்கும் உரிமை பெண்ணுக்கு எழுத்தில் வந்தது. நால்வர் வரை தமக்குள் சமமாகச் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்பின் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. தொழில் பெருகிவிடும் என்று அஞ்சினர். 2008 இல் அறிக்கையிட்ட மீளாய்வுக் குழு, சட்டத்தால் எண்ணிக்கை பெருகவில்லை என்றது. 2014 இல் நடந்த வழக்கொன்று எம் போன்ற சட்டத்தரணிகளைத் தலைநிமிரச் செய்யும். விடுதி நடத்துநர் தமக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று அத்தொழிலிலுள்ள பெண்ணொருவர் மனித உரிமை மீளாய்வு மன்றில் முறையிட்டு, 25,000 டொலர் நட்டஈடு பெற்றார். நினைத்துப் பாருங்கள்! எமது நாட்டில் அப்பெண் பொலிஸ் நிலையத்தின் படியேறினால், முறைப்பாட்டுக்காரியாகத் திரும்பி வருவாளா, சந்தேகநபராக உள்ளே இருப்பாளா?

எனினும் அச்சட்டத்தை அப்படியே பெயர்த்து இங்கு நடுவோம் என்று நாம் சொல்லவில்லை. அங்கே 18 ஆம் பிரிவு, இத்தொழிலை மறுத்ததற்காக ஒருவரின் அரச உதவிப் பணத்தை நிறுத்தலாகாது என்கின்றது. அப்பிரிவுக்கு உயிர் கொடுப்பது அங்குள்ள உதவிப் பணம். இங்கே மறுப்பவளுக்கு நாளைக்கு அரிசி யார் தருவார்? அரிசியில்லாத வீட்டில் மறுக்கும் உரிமை காகிதத்தில் இருந்தென்ன? இதனாலேயே விடுதி நடத்தும் முதலாளிக்கு அனுமதி கொடுக்க நாம் உடன்படோம்.

கமக்காரப் பெருமக்களுக்கு விளங்கும் ஒரு செய்தியைச் சொல்கிறோம். தமிழகத்தில் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி. அம்முறையும் விபசாரமும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அவர் சென்ற ஒழுங்கையே சொல்கிறோம். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1947 இல் வந்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1929 இல், இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் திருத்தம் கொண்டுவந்தார். கோயிற் சேவைக்காக விடப்பட்டிருந்த இனாம் நிலங்கள் அச்சேவையினின்று விடுபட்டு, அனுபவித்து வந்த பெண்களுக்கே உரித்தாயின. முதலில் நிலம், பின்னர் தடை. நிலமில்லாதிருந்த பெண்கள் அத்திருத்தத்தாற் பயனடையவில்லை என்பதும் உண்மை. ஆயினும் எது முன், எது பின் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வடக்கிலும் கிழக்கிலும் 2009 இல் போர் முடிந்தபோது குடும்பத் தலைவனை இழந்த வீடுகள் எத்தனை என்பதை உங்கள் ஊர்களிலேயே எண்ணலாம். கணவனில்லாத பெண் இரவில் வேலையால் திரும்பினால் அவளைப் பற்றிப் பேசும் வாய்கள், அவள் வயலுக்கு நீர் கட்ட ஆளில்லாமல் நின்றபோது எங்கே போயின? நுண்கடன் கொடுத்தோர் வாரந்தோறும் அவள் வாசலில் நின்றனர். 2018 இல் வரட்சியால் வாடிய மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க நேர்ந்ததென்றால், சுமை எவ்வளவாக இருந்திருக்க வேண்டும்! விபசாரத்தை ஒழிக்க விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் நீதவான் நீதிமன்றமன்று. அந்தக் கடன் புத்தகம்.

கணிகையின் மகள் என்று புகார் நகரம் பேசிய மணிமேகலை சோழ மன்னனிடம் கேட்டது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு. எமக்கோ 1907 ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கின்றது. அறக்கோட்டம் என்ற பெயரிற் சிறைக்கோட்டம் நடத்தக் கற்றுக்கொண்டோம்.

ஆகவே நாம் கேட்பது இது. 1841 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்பெண்களைக் குறிக்கும் 3 ஆம் பிரிவின் பகுதியும், தன் பொருட்டு அழைப்பு விடுப்பதைத் தண்டிக்கும் 7 ஆம் பிரிவின் பகுதியும் நீங்குக. வீதியில் உண்மையாகவே தொல்லை கொடுப்போரை, ஆணாயினும் பெண்ணாயினும், பொதுத்தொல்லைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். சேர்ந்து வாழும் நால்வரை விடுதிக்காரராக்காத நியூசிலாந்து ஏற்பாட்டை 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டத்திற் புகுத்துக. ஆணுறையைச் சான்றாக ஏற்கலாகாது என்று ஒரு வரி எழுதுக. தரகனையும் ஆட்கடத்துவோனையும் பிடிக்க 1995 ஆம், 2006 ஆம் ஆண்டுகளில் தண்டனைச் சட்டக் கோவையிற் சேர்த்த பிரிவுகளில் ஓரெழுத்தையும் தொட வேண்டாம். சிறுவர் சம்பந்தப்பட்ட இடத்தில் விட்டுக்கொடுப்பென்ற பேச்சே இல்லை.

இதற்கொரு நகல் எழுதியுள்ளோம், இரண்டு பக்கந்தான். எந்த உறுப்பினரும் தனியார் சட்டமூலமாகக் கொண்டுவரலாம். எமது உறுப்பினர்கள் தயங்குவர். தேர்தல் மேடையில் இது வாக்குத் தராது என்று எம்மிடம் சொல்லியும் விட்டனர். அவர்களைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். வாயிலருகே மேசைமீது பிரதிகள் உள்ளன. சட்டத்தரணிகள் பிழை கண்டால் ஓரத்திற் குறித்துத் தருக. வைத்தியர்கள் மூன்றாம் பந்தியைத் தவறாது பார்க்க வேண்டும். பூரணைக்கு முன்னர் எம் கைக்குக் கிடைத்தால், அடுத்த கூட்டத்துக்குத் திருத்திய நகலோடு வருவோம்.