ஊரிடம் கேட்க வேண்டியது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேந்தமங்கலத்தில் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியராக ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். பள்ளிக்காக ஊரிடம் போகும்போது நாம் பெரும்பாலும் பொருளைத்தான் கேட்கிறோம். மின்விசிறி, நாற்காலி, சுற்றுச்சுவர் எல்லாம் தேவைதான். அவற்றோடு ஊரின் தொழிலறிவையும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஊரும் பள்ளியும் கைகோப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் மனமுவந்து பள்ளிகளுக்கு வேண்டியதைத் தந்தார்கள். 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களுடன் பள்ளிக்கே வந்து 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்குச் செய்துகாட்டுகிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டமும் வந்தது.

கருத்தாளர் ஒருமுறை வந்து போனபின், அடுத்த முறை வரும்வரை மாணவர்களின் கேள்விகளை யார் உயிரோடு வைத்திருப்பது? நாமும் நம் ஊரும்தான்.

நம் பகுதியில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள், ஜவ்வரிசி ஆலைகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இருக்கின்றன. இவற்றில் வேலை செய்பவர்கள்தாம் நம் மாணவர்களின் பெற்றோர். “நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன சார் தெரியும்?” என்று வகுப்பறை வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் நடத்தியபோது, பாடி கட்டும் வேலை செய்யும் ஒரு மாணவியின் தந்தையை அழைத்தேன். சட்டம் சரியான செவ்வகமா என்பதை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். டேப்பை எடுத்து, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து காட்டினார். இரண்டு அளவும் ஒன்றானால் சரி, இல்லாவிட்டால் கோணல் என்றார். ‘ஏன் அப்படி?’ என்பதை மாணவர்கள் கரும்பலகையில் நிறுவினார்கள். கொத்தனார் 3, 4, 5 அடி அளந்து மூலைமட்டம் பார்ப்பதையும் அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். அன்று அந்த மாணவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன்.

இப்படிச் செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள்:

முதலில் பாடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள். மரவள்ளி மாவில் அயோடின் விட்டால் கருநீலமாவது, முட்டை ஓட்டில் வினிகர் பட்டால் குமிழி வருவது போன்ற சோதனைகளை வகுப்பிலேயே செய்யலாம். அதன் தொடர்ச்சியாக ஆலையிலோ பண்ணையிலோ வேலை செய்பவரை அழைத்துப் பேசச் சொல்லலாம்.

சொற்பொழிவு கேட்காதீர்கள். ஒரு கேள்வி, ஒரு கருவி, ஒரு பாடவேளை போதும். தினக்கூலிக்காரரின் ஒருநாள் சம்பளம் போகக் கூடாது. அவருக்கு வேலையில்லாத நாளைக் கேட்டு அழையுங்கள்.

பட்டறைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதானால் தலைமையாசிரியர், பெற்றோர் இருவரின் அனுமதியும் வேண்டும். வெல்டிங் நடக்கும்போது அருகில் விடக் கூடாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. அப்பாவின் தொழிலை மதிக்கச் சொல்வது வேறு, அந்தத் தொழிலிலேயே பிள்ளையை நிறுத்துவது வேறு. டேப் பிடித்த கையிலிருந்து தேற்றத்துக்குப் போன மாணவி, அங்கிருந்து பொறியியலுக்கும் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும். அந்த வழியைக் காட்டுவது நம் வேலை.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் நிதி பற்றிப் பேசி முடித்ததும், “உங்கள் வேலையில் அளப்பது எது, கலப்பது எது, சரிபார்ப்பது எப்படி?” என்று ஒரு சுற்று கேளுங்கள். வரும் பதில்களைப் பாடவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்துக்கான துணைக்கருவிகள் அந்த நோட்டிலேயே இருக்கும்.