புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

  

சபையில் பேசக் கூச்சமான விஷயம் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டுள்ளேன். வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆயினும் மார்க்கச் சட்டத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாகாது என்பதை மதீனத்து அன்சாரிப் பெண்மணிகள் அன்றே காட்டிவிட்டார்கள்.

நம் பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் புதுச்சேரி ஜிப்மருக்கோ, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ ஓடுகிறோம். உயிர் பிழைக்குமா என்பதொன்றே அப்போதைய கவலை. இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் கண்ட இளைஞர் பலர் இன்று அல்லாஹ்வின் கிருபையால் குணமடைகின்றனர். நிக்காஹ் பேச்சு எழும்போதுதான் அடுத்த கவலை பிறக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும் இடுப்புப் பகுதியில் தரப்படும் கதிர்வீச்சும் மகப்பேற்று ஆற்றலையே அழித்துவிடக் கூடும். பெண் பிறக்கும்போதே பெற்றுவரும் சினைமுட்டைகள் அழிந்தால் மீண்டும் உண்டாவதில்லை.

முதல் மருந்து ஏறுவதற்கு முன் உள்ள சில நாட்களே அவகாசம். ஆணின் விந்தைப் பெற்று, மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் வைத்துவிடலாம். ஓரிரு நாளில் முடியும் காரியம். பெண்ணுக்குச் சுமார் 2 வாரம் ஊசி போட்டுச் சினைமுட்டைகளை எடுக்க வேண்டும். அவ்வளவு நாள் சிகிச்சையைத் தள்ளலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரே சொல்ல வேண்டும். தள்ளக்கூடாது என்றால் உயிரே முதன்மை. பருவமடையாத சிறுமிக்குச் சினைப்பைத் திசுவை எடுத்துச் சேமிக்கும் முறையும் உண்டு. அவ்வாறு சேமித்த திசுவை மீண்டும் பொருத்திப் பிறந்த முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. அதன் தாய் வயதுவந்த பெண்மணி. மருத்துவர் தாமாகவே சொல்வார் என்று காத்திராதீர்கள், நீங்கள் கேளுங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது? கணவன் மனைவி இருவருக்குள், நிக்காஹ் நீடிக்கும் நிலையில், மூன்றாமவரின் கலப்பின்றிச் செய்யப்படும் செயற்கைக் கருத்தரிப்பை 1980இல் எகிப்தின் முஃப்தி ஜாதுல் ஹக் அவர்கள் அனுமதித்தார்கள். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் அவ்வாறே முடிவு செய்தது. அதே அகாடமி 1990இல் ஜித்தாவில், கருவுறாத முட்டைகளைப் பிற்காலத்திற்குச் சேமிக்க இயலும் என்பதைக் கருத்திற்கொண்டு, தேவைக்கு மேல் கருக்களை உருவாக்க வேண்டாம் என்றது. ஆகவே மணமாகாத பெண் தன் முட்டையைச் சேமித்து, பின்னர் தன் கணவனுக்காக மட்டும் பயன்படுத்துவதில் தடையில்லை என்றே அடியேன் கருதுகிறேன். ஸகரிய்யா நபி அவர்கள் முதுமையிலும் பிள்ளை கேட்டு இறைஞ்சினார்கள். பிள்ளை ஆசையைப் பேராசை என்று எவரும் ஏச வேண்டாம்.

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2020இல் டில்லி கங்காராம் மருத்துவமனையில் மணமாகாத இளைஞர் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்தார். அவ்வாண்டே இறந்தும் போனார். வாடகைத் தாய் மூலம் பேரப்பிள்ளை பெற விரும்பிய பெற்றோரிடம் அதனை ஒப்படைக்குமாறு 2024 அக்டோபரில் டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெற்றோரின் வேதனையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் ஷரீஅத்தில் இதற்கு இடமில்லை. மரணத்தோடு நிக்காஹ் முடிகிறது. அவருக்கோ நிக்காஹே இல்லை. நஸப் எங்கே நிலைபெறும்?

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், சேமிப்பதற்கு முன் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. இறந்தாலோ செயலிழந்தாலோ சேமித்ததை என்ன செய்வது என்பதையும் அதில் எழுத வேண்டும். அந்தப் பகுதியைப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். 'நான் இறந்தால் அழித்துவிடவும்' என்று தெளிவாக எழுதுங்கள். மணமானவர்கள் தலாக், குலா ஏற்பட்டால் என்பதையும் சேர்த்தெழுதுவது நலம்.

பெண் பிள்ளைக்கு நோய் வந்ததை மறைத்தே நிக்காஹ் பேசுவோர் உண்டு. அச்சம் புரிகிறது, ஆயினும் மறைத்த பேச்சு பின்னர் பஞ்சாயத்தாக இந்தப் பள்ளிவாசலுக்கே வருகிறது.

சேமிப்பிற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு, எளியோரால் இயலாது. பைத்துல்மாலில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்க நிர்வாகக் குழு ஆலோசிக்க வேண்டும். நோயாளி ஏழையாயின் ஜகாத்திலிருந்தே அவர் கையில் கொடுக்கலாம்.