தலையிடியும் கைவைத்தியமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமய மேடையில் தலையிடியைப் பற்றிப் பேசுவதா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். உடம்பைப் பேணுவதும் சாதனத்தின் பகுதியே என்று திருமூல நாயனார் பாடிவைத்திருக்கும்போது நான் வேறு சமாதானம் தேடவேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நமது ஊரில் ஒருவருக்குத் தலையிடித்தால் முதலில் நடப்பது என்ன? ஒரு சிறுவனைக் கடைக்கு அனுப்பி இரண்டு பனடோல் வாங்குவிப்பதுதான். எப்போதாவது ஒருநாள் என்றால் குற்றமில்லை. ஆனால் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிற் சிலர் புத்தகத்தோடு வில்லைகளையும் மேசையில் வைத்திருக்கிறார்கள். தலையிடி நோயுள்ள ஒருவர் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இவ்வகை வில்லையை எடுத்து, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே தொடர்ந்தால், வில்லையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கிவிடும். பல மருந்துகள் கலந்த வில்லையானால் 10 நாளே போதும். நோவுக்காக வில்லை, வில்லையினால் நோவு என்று சக்கரம் சுழலும். வில்லையை நிறுத்தினாலன்றி அச்சக்கரம் நிற்காது. நிறுத்தும் முதல் சில நாட்கள் நோவு கூடும் என்பதால், வைத்தியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதே நல்லது.

அடிக்கடி வரும் தலையிடிகளிற் பெரும்பாலானவற்றில் மூளைக்குக் கேடு ஒன்றும் இல்லை. தலையைச் சுற்றி ஒரு பட்டியை இறுக்கிக் கட்டியதுபோல இரு பக்கமும் அழுத்துவது ஒரு வகை. பிடரியில் தொடங்கி ஒரு பக்கமாகக் கண்ணுக்குமேல் ஏறுவது இன்னொரு வகை. இதன் வேர் கழுத்தில். கழுத்து நோவு நெற்றியில் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உரிய பெரிய நரம்பும் முள்ளந்தண்டின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. இரண்டு தோணி மீனை ஒரே கூடையிற் கொட்டினால் எது எந்தத் தோணியின் மீன் என்று வாங்குகிறவர் அறிவாரா? மூளையும் அவ்வாறே இடம் மாறி உணர்கிறது. ஆதலால் நெற்றியில் சித்தாலேபையைப் பூசிப் பூசிக் களைத்தவர்கள் ஒருமுறை பிடரியைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

இது நம்மவருக்குப் புதிய செய்தியன்று. சித்த வைத்தியத்தில் புற மருத்துவம் 32 என்பர். அவற்றுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது விதமாக அதை வகுத்தார்கள். வீட்டில் நாம் செய்யத்தக்கவை அழுத்தலும் பிடித்தலுமே. மற்றவை பழகிய கைக்கு உரியவை.

செய்யும் முறை எளிது. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்துத் தலைமாட்டில் அமருங்கள். மண்டையோட்டின் கீழ் விளிம்பில், நடு எலும்பின் இரு புறத்திலும் மெத்தென்ற பள்ளம் இருக்கும். அங்கே இரு கைகளின் விரல் நுனிகளையும் மேல் நோக்கி நிறுத்தி, தலையின் பாரம் தானாக அவற்றின்மேல் இறங்க விடுங்கள். குத்தவேண்டாம், தேய்க்கவேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் தசை இளகுவது கைக்குத் தெரியும். பின்பு நல்லெண்ணெய் தொட்டு, பிடரியிலிருந்து தோள்வரை மெதுவாக உருவுங்கள். தோள்மேட்டில் கயிறுபோல் திரண்ட இடம் அகப்பட்டால், அதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, அரை நிமிடம் பொறுத்து விடுங்கள். அந்த இடத்தைப் பிடிக்கும்போது நோவு கன்னப்பொட்டுக்கு ஏறினால் சரியான இடந்தான். இத்தகைய முடிச்சுகளை விரிவாக வரைந்து நூலாக்கியவர்களுள் ஒருவர் ஜனட் திராவல் அம்மையார். ஜனாதிபதி கென்னடியின் வைத்தியராக இருந்தவர்.

ஆனால் கைவைத்தியம் மட்டும் போதாது. அவுஸ்திரேலியாவில் குவெண்டலின் ஜல் அம்மையாரும் தோழர்களும் கழுத்தால் வரும் தலையிடியுடைய 200 பேரை நான்கு கூட்டமாகப் பிரித்துச் சோதித்து, 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். கைச்சிகிச்சை, அப்பியாசம், இரண்டும் சேர்ந்தது, ஒன்றும் இல்லாதது என்பன அந்நான்கு. ஆறு வாரச் சிகிச்சையின் பலன் ஒரு வருடத்தின் பின்னும் நிலைத்திருந்தது. அப்பியாசம் மட்டும் செய்தவர்களும் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னிற்கவில்லை. காசில்லாதவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன? அந்த அப்பியாசத்தின் முதற்படி, மல்லாந்து படுத்து, "ஓம்" என்று தலையசைப்பதுபோல நாடியைச் சிறிது உள்ளிழுத்துப் பத்து விநாடி நிறுத்துவது. பத்துத் தடவை, தினம் இருவேளை. அத்துடன் தோள்களைப் பின்னே இழுத்து நிறுத்தப் பழகவேண்டும். கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கும் இளைஞர்களும், தையல் மெசினில் நாள் முழுதும் குனியும் சகோதரிகளும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவேண்டும்.

ஒற்றைத் தலையிடி வேறு. அது துடித்துத் துடித்து இடிக்கும், ஓங்காளம் வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. அந்நேரத்தில் பிடித்துவிடப் போகாமல் இருட்டறையில் படுக்கவிடுங்கள். ஆனால் நோவில்லாத நாட்களில் யோகாசனம் உதவும். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 160 நோயாளரைச் சேர்த்து 2020 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று மாதம் மருந்தோடு யோகமும் பயின்றவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடத் தலையிடி குறைந்தது. மருந்தை விட்டுவிட்டு யோகம் செய்யும்படி அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சலூன் கதிரையில் அமர்ந்து கழுத்தை "மளக்" என்று திருப்புவித்து நெட்டி முறிக்கும் பழக்கத்தை இளைஞர்கள் விட்டுவிடவேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளில் இரண்டு கழுத்தெலும்புத் துவாரங்களினூடாக ஏறுகின்றன. சடுதியான திருப்பத்தால் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பாரிசவாதம் வரும். அரிதுதான், ஆயினும் வந்தால் முப்பது வயதிலும் வரும். முடி வெட்டுகிறவரைக் குறை சொல்லவேண்டாம், நாமே வேண்டாமென்று சொல்லலாம்.

கை வைக்கக்கூடாத தலையிடிகளும் உண்டு. இடி விழுந்ததுபோல ஒரு கணத்தில் உச்சத்துக்கு வருவது, கை கால் சோர்வோடும் பேச்சுக் குழறலோடும் வருவது, பிடரி விறைப்போடு காய்ச்சல் வருவது, விழுந்து அடிபட்டபின் வருவது, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்குவது, கர்ப்பிணித் தாய்க்கு வருவது. இவற்றுக்கு எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் உடனே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மாரியில் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் நோவும் வந்தால் டெங்கு என்று ஐயுற்று இரத்தம் சோதிப்பியுங்கள், டிஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நமது மண்டபம் காலை வேளையில் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் திறந்து, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கழுத்து, தோள் அப்பியாசம் பழக்கலாம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிக்காரர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைக்கலாம். செலவு தேநீருக்கு மட்டுமே. பிள்ளைகள் வரத் தயார் என்றால், பெற்றோர் அந்த அரை மணியை ரியூசனிலிருந்து விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பார்களா என்று செயலாளர் கேட்டறியவேண்டும்.

இனிப் பேச்சுப் போதும். சொன்னதைச் செய்து காட்டுவதற்குப் பாய் ஒன்று விரித்திருக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து இருவர் மேடைக்கு வாருங்கள். ஒருவர் படுக்கவேண்டும், மற்றவர் நகத்தை வெட்டியிருக்கவேண்டும்.