மருந்துச் சீட்டை மறைக்காதீர்கள்



மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினால் அஸ்தம்பட்டி வரும். அங்கேதான் மத்தியச் சிறை. நம் ஜமாஅத்தில் ஒரு பையன் உள்ளே போனால், ‘வெளியூரில் வேலை’ என்று சொல்லிவிடுகிறோம். அவமானம் புரிகிறது. ஆனால் அந்தப் பொய்யோடு சேர்த்து அவனுடைய மருந்துச் சீட்டையும் மறைத்துவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011இல் அறிக்கை தந்தார்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. போதையைக் கழித்துப் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கு மேல் மனநோய். நம் பிள்ளை மட்டும் விதிவிலக்கா?

தினமும் குடித்தவனுக்கு உள்ளே போன அன்றே அது நின்றுவிடும். மறுநாள் கை நடுங்கும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவான், யாரோ கொல்ல வருவதாகக் கத்துவான். பழகிய தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். பார்ப்பவர்கள் ‘நடிக்கிறான்’ என்பார்கள். வீட்டிலோ ‘ஷைத்தான் பிடித்துவிட்டது’ என்பார்கள். ஓதிப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இது உயிரைப் பறிக்கக்கூடிய நோய். உடனே மருந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்வான்.

ஆகவே முதல் நாளே, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே, வக்கீலிடம் சொல்லுங்கள்: எத்தனை வருடக் குடி, என்ன மாத்திரை, முன்பு தற்கொலைக்கு முயன்றானா. சீட்டின் நகல் சிறை மருத்துவர் கைக்குப் போகட்டும். வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100.

‘சொன்னால் வழக்கு பலமாகிவிடுமோ?’ என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட போதை அடிமை தானே முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விடுபட வழியுண்டு. வக்கீலிடம் இதைக் கேளுங்கள். வீட்டில் இன்னொரு பிள்ளை இப்போதே தடுமாறுகிறானா? டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ஒரு அத்தா, மகனை மனு போட்டுப் பார்க்கப் போய் எட்டு மாதம் ஆகிறது என்றார். பஸ்ஸுக்குக் காசில்லையா என்றேன். “காசிருக்கு, முகமில்லை” என்றார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம்.