மண்ணுக்குள் ஒழுகும் எண்ணெய்

பெட்ரோல் நிலையத்தில் கண்ணுக்குத் தெரிவது எண்ணெய் ஊற்றும் குழாய் மட்டுமே. எண்ணெய் இருப்பதோ தரைக்கடியில் புதைத்த தொட்டியில். தொட்டி துருப்பிடித்தாலும் இணைப்புக் குழாய் தளர்ந்தாலும் ஒழுகல் தொடங்கிவிடும். மேலே சிமெண்டுத் தளம் காய்ந்தே கிடக்கும். எவருக்கும் சந்தேகம் வராது.

ஒழுகிய எண்ணெய் எங்கே போயிற்று என்று எப்படிக் கண்டறிவது? தொட்டியைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு, வெவ்வேறு ஆழத்தில் மண் எடுக்கிறார்கள். அதை உடனே குப்பியில் இறுக மூடி, குளிர்ச்சியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். இதில் கவனம் தவறினால், புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் ஆவியாகிவிடும். கெட்ட மண்ணும் நல்ல மண் என்று முடிவு வரும்.

மண்ணோடு நிறுத்திக்கொண்டாலும் போதாது. அமெரிக்காவின் சாண்டா மோனிக்கா நகரம் பட்டறிந்த பாடம் இது. அக்காலத்தில் அங்கே பெட்ரோலில் கலக்கப்பட்ட எம்.டி.பி.இ. என்ற இரசாயனம் மண்ணில் அதிகம் ஒட்டாது; நீரில் கரைந்து நெடுந்தூரம் ஓடும். தொட்டிகளிலிருந்து ஒழுகிய அது குடிநீர்க் கிணறுகளை எட்டியது. 1996இல் அக்கிணறுகள் மூடப்பட்டன. நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழப் பாதி அதோடு போயிற்று. அவற்றைச் சுத்திகரித்து மீட்கப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஆகவே, சோதனைத் துளை நிலத்தடி நீர் வரை இறங்க வேண்டும். நீரோடும் திசையிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். பழைய எண்ணெய் நிலையம் இருந்த மனையில் வீடு கட்ட எண்ணுவோர், முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல; மண், நீர் இரண்டின் சோதனை அறிக்கையை!