ஆதாரம் கேட்பது கடனை மறுப்பதாகாது
(ஜும்ஆ உரை)



 

கடன் என்னும் சொல்லைக் கேட்டாலே ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் தனியானதோர் அச்சம் எழுகிறது. அது இருக்க வேண்டிய அச்சமே. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவர் மீது கடன் ஏதும் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மூன்று தீனார் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அண்ணலார் தாம் தொழுவிக்காமல், தோழர்களையே தொழுதுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அக்கடன் என் பொறுப்பு என அபூ கதாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுகை நடத்தினார்கள் (நூல்: புகாரி). ஷஹீதுக்குக்கூட எல்லாப் பாவமும் மன்னிக்கப்பட்டுக் கடன் மட்டும் எஞ்சி நிற்கும் என்னும் நபிமொழியும் (நூல்: முஸ்லிம்) நாம் அறிந்ததே. ஆகவேதான் மையித்தை அடக்கம் செய்வதற்கு முன், மர்ஹூமுக்கு யாருடனாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளைச் சந்தித்துக்கொள்ளுங்கள் என்று நம் ஊர்களில் அறிவிக்கிறோம்.

இந்த நல்ல அச்சத்தையே முதலாக வைத்து வியாபாரம் நடத்தும் ஒரு கூட்டம் இன்று தொலைபேசியின் மறுமுனையில் அமர்ந்திருக்கிறது. இல்லாத கடனுக்கு வசூலுக்கு வருகிறவர்கள் அவர்கள்.

அவர்களுடைய பேச்சு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் வாப்பா மௌத்தாகிச் சில வாரங்களே ஆகியிருக்கும். மகனுடைய கைபேசிக்கு அழைப்பு வருகிறது. குரல் மரியாதையாகவே தொடங்கும். உங்கள் தந்தையின் பெயர் இன்னதுதானே, இன்ன தெருதானே என்று கேட்கும். பிறகு, அவர் ஒரு நிதி நிறுவனத்தில் பெற்ற கடனில் இவ்வளவு பாக்கி, வட்டியோடு இவ்வளவு, இன்று மாலைக்குள் செலுத்தினால் பாதி தள்ளுபடி, தவறினால் நாளை நோட்டீஸ், மறுநாள் ஜப்தி என்று சொல்லும். வாப்பாவின் கப்ரை நினைத்துக் கலங்கி நிற்கும் மகனுக்கு, அவருடைய பெயரையும் முகவரியையும் இவர் எப்படி அறிந்தார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. மரண அறிவிப்பை மகன்மார்களின் கைபேசி எண்களோடு வாட்ஸ்அப் குழுக்கள் தோறும் நாமேதான் அனுப்பியிருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வருவதில்லை.

வேறொரு வீட்டுக்கு ‘வக்கீல் அலுவலகத்திலிருந்து’ அழைப்பு வரும். மற்றொன்றில் காக்கிச் சீருடை அணிந்த ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றி, கடன் மோசடி வழக்கில் உம்மைக் கைது செய்திருக்கிறோம், இணைப்பைத் துண்டிக்காமல் இரு என்பார். கணவர் வளைகுடாவில் இருக்க, வீட்டில் தனியே இருக்கும் சகோதரி அந்தச் சீருடையைக் கண்டு நடுங்கிவிடுகிறார். ‘டிஜிட்டல் கைது’ என்று இவர்கள் பெயரிட்டிருக்கும் இத்தகைய கைது நம் நாட்டின் சட்டம் எதிலும் இல்லை. கடன் பாக்கி என்பது உரிமையியல் விவகாரம். காசோலை திரும்பியதற்கான வழக்கு வேறு. அதுவும் நீதிமன்ற அழைப்பாணையோடு வருமேயன்றி வீடியோ அழைப்பில் வராது.

அன்பிற்குரியவர்களே! இறையச்சம் நம்மைக் கடனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் மார்க்கம் ஒரு வாசலை வைத்திருக்கிறது. அந்த வாசலின் பெயர் ஆதாரம்.

வெறும் கோரிக்கையை வைத்தே மக்களுக்குக் கொடுக்கப்படுமாயின், சிலர் பிறருடைய உயிரையும் பொருளையும் தமக்குரியவை எனக் கோரத் துணிந்துவிடுவார்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). இதிலிருந்தே, ஆதாரம் காட்டும் பொறுப்பு வாதியைச் சார்ந்தது என்ற விதியை நம் ஃபுகஹாக்கள் நிலைநாட்டினார்கள். கடன் தர வேண்டியதில்லை என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தர வேண்டும் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனைப் பற்றியது (2:282). தவணையைக் குறித்து எழுதிக்கொள்ள வேண்டும், நீதியோடு எழுத ஓர் எழுத்தர் வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்று அவ்வசனம் விரிந்து செல்கிறது. அதில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு நுட்பம் உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்லர். கடன் யார் மீது இருக்கிறதோ அவர். அவருடைய வாயிலிருந்து வரும் ஒப்புதலே கடனுக்கு அடித்தளம். அவர் சொல்ல இயலாத பலவீனராயின், அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லட்டும் என்றும் அவ்வசனமே வழிகாட்டுகிறது. இந்தத் தொலைபேசிக் கூட்டத்தார் செய்வதோ நேர்மாறானது. கொடுத்ததாகக் கூறுகிறவரே தொகையைச் சொல்கிறார், தேதியைச் சொல்கிறார், தவணையை நிர்ணயிக்கிறார். நாம் ஆமாம் சொன்னால் போதும். வயதான உம்மாவுக்கு இத்தகைய அழைப்பு வந்தால், என் மகனிடம் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிட அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

அப்படியானால் என்ன கேட்பது? கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், கொடுத்த தேதி, கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் நகல். இவை எழுத்தில் வரட்டும், அதுவரை ஒரு ரூபாயும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். உண்மையான வங்கி இதைக் கேட்டுக் கோபப்படாது. கோபமும் அவசரமும் மிரட்டலும் வருகின்றன என்றால், காகிதம் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். அவர் கொடுக்கும் எண்ணுக்குத் திரும்ப அழைத்து விசாரிக்காதீர்கள். அங்கும் அவருடைய கூட்டாளியே பேசுவார். வங்கிக் கிளைக்கு நேரில் செல்லுங்கள். உங்கள் ஆதார், பான் எண்களையோ, வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யையோ ‘சரிபார்ப்பதற்காக’ என்று கேட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்பும் எந்தச் செயலியையும் கைபேசியில் நிறுவாதீர்கள்.

நேரமும் ஓர் அடையாளம். தவணை தவறிய கடனை வசூலிக்க, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. பணம் எங்கே செல்கிறது என்பது அதைவிடத் தெளிவான அடையாளம். செயலி வழியாகப் பெறும் கடனுக்குச் செலுத்தும் தொகை, கடன் கொடுத்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்ல வேண்டும் என்பது விதி. யாரோ ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அது வசூல் அன்று, கொள்ளை.

இன்னொரு வழியும் உண்டு; நம்மில் பலர் இதை அறிந்திருப்பதில்லை. நம் பெயரில் எந்தெந்தக் கடன்கள் பதிவாகியுள்ளன என்பதை சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் தொகுத்து வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ உங்கள் பெயரில் கடன் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். நீங்கள் வாங்காத கடன் அதில் தென்பட்டால், வேறொருவர் உங்கள் ஆவணங்களைப் பயன்படுத்தியிருக்கக் கூடும்; அதையும் எழுத்து மூலம் மறுத்துத் திருத்தக் கோரலாம்.

இறந்தவரின் கடனைப் பொறுத்தவரை மார்க்கமும் நாட்டுச் சட்டமும் ஒன்றாகவே பேசுகின்றன. அனந்தரச் சொத்தைப் பங்கிடுவதற்கு முன் கடனைத் தீர்க்க வேண்டும் (4:11,12). ஆனால் அது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து. பிணைக் கையெழுத்தோ, கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்தோ இட்டிராத மகன், தனக்கு வந்த சொத்தின் அளவைத் தாண்டித் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன். அன்பினால் கொடுத்தால் அது நன்மை. அந்த நன்மையும் உண்மையான கடனுக்குத்தானே சேரும்? ஒரு வஞ்சகனின் பைக்குப் போன பணத்தால் வாப்பாவின் பொறுப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

விசாரித்துப் பார்த்ததில் கடன் உண்மைதான் என்று தெரிந்தால், அதைத் தீர்க்க முனைவதே ஈமானின் வேலை. முடியாதவர் அவகாசம் கேட்கட்டும். சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹ்வே கட்டளையிட்டிருக்கிறான் (2:280).

சகோதரர்களே! இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. கைபேசிச் செயலிகளில் சில நிமிடங்களில் கடன் என்று விளம்பரம் வருகிறது. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, புழக்கத்திலிருந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை எனக் கண்டது. இவற்றின் தந்திரம் இதுதான். செயலியை நிறுவும்போதே கைபேசியிலுள்ள எண்களையும் புகைப்படங்களையும் அள்ளிக்கொள்ளும். சிலருக்கு அவர்கள் கேளாமலேயே சில ஆயிரங்கள் கணக்கில் வந்து விழும். ஒரு வாரத்தில் இரட்டிப்பாகக் கேட்கும். கட்டி முடித்தாலும் முடியவில்லை என்று சொல்லும். பிறகு, அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி, கைபேசியில் உள்ள எண்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவோம் என்று மிரட்டும். இத்தகைய மிரட்டலால் நம் நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

அப்படி மாட்டிக்கொண்ட ஒரு முஸ்லிம் இளைஞன் ஏன் வாயைத் திறப்பதில்லை? வட்டிக்கு வாங்கினாயா என்று வாப்பா கேட்பார், ஜமாஅத்தார் கேட்பார்கள் என்னும் பயம்தான். வட்டி ஹராம் என்பதில் இரண்டாவது கருத்து கிடையாது. மிம்பரில் நின்று அதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனால் நெருப்பில் நிற்பவனை முதலில் வெளியே இழுக்க வேண்டும். நம் நாவுக்குப் பயந்து அவன் ஒளித்துவைக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மோசடிக்காரனுக்கு வருமானம். இதில் அவனுடைய மிகப் பெரிய ஆயுதம் நம்முடைய ஏச்சுதான் என்று நான் கருதுகிறேன். படத்தை அனுப்பிவிட்டாலும்கூட, அது பொய்ப் படம், பெற்ற எவரும் பிறருக்கு அனுப்ப வேண்டாம், அழிக்க வேண்டாம், சாட்சியாக வைத்திருங்கள் என்று குடும்பத்தாரே முன்வந்து உறவினரிடம் சொல்லிவிட்டால் மிரட்டல் அங்கேயே செத்துவிடும். செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி நமக்கு இடப்பட்ட கட்டளை (49:6) அந்தப் படத்தைப் பெறுகிறவருக்கும் உரியதே.

முஸ்லிமின் குறையை மறைப்பது நற்செயல் அல்லவா, பிறகு ஏன் புகார் என்று சிலர் கேட்கிறார்கள். தவறி விழுந்தவனின் குறையை மறைப்பது வேறு, வீடு வீடாகக் கொள்ளையடிப்பவனை மறைப்பது வேறு. தீய சொல்லை வெளிப்படுத்துவதை விரும்பாத அல்லாஹ், அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்களித்திருக்கிறான் (4:148). அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, எப்படி என்று தோழர்கள் வினவினார்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பதே அண்ணலாரின் விளக்கம் (நூல்: புகாரி).

பணம் போய்விட்டது என்றால் நேரம் கடத்தாதீர்கள். 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழையுங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்த ஏற்பாடு 2021 முதல் இயங்கி வருகிறது. பழைய துண்டறிக்கைகளில் காணப்படும் 155260 முந்தைய எண். அதை நம்பியிருக்க வேண்டாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி, பிறகு ஏ.டி.எம். வழியாக வெளியேறிவிடும், அதற்குள் அழைத்தால் ஏதேனும் ஒரு கணக்கில் அதை முடக்கி நிறுத்த வாய்ப்புண்டு. ஆலோசனை கேட்டுக்கொண்டு மறுநாள்வரை காத்திருப்பதே பெரும் இழப்புக்குக் காரணமாகிறது. பணப் பரிமாற்ற எண், தொகை, நேரம், அழைப்பு வந்த எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் அப்போதே தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

பணம் போகவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது என்றாலும் விட்டுவிடாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ என்னும் பிரிவு 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது. சந்தேகத்திற்குரிய அழைப்பையும், குறுஞ்செய்தியையும், வாட்ஸ்அப் செய்தியையும் அங்கே தெரிவிக்கலாம். உரிமம் இல்லாத கடன் நிறுவனங்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் முறையிடலாம். உண்மையான வங்கியின் வசூல் முகவரே வரம்பு மீறினால், முதலில் வங்கிக்கு எழுதுங்கள்; 30 நாட்களில் தக்க பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

புகார் கொடுத்த பின் கிடைக்கும் ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். சில நாட்கள் கழித்து மற்றொரு குரல் அழைத்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கு முன்பணம் செலுத்துங்கள் என்று கேட்கலாம். 1930இல் பணியாற்றுவோர் எவரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அது முதல் கூட்டத்தின் இரண்டாவது கை. அந்த எண்ணையும் அதே ஒப்புகை எண்ணின் கீழ்ச் சேர்த்துத் தெரிவித்துவிடுங்கள். தொழுகை முடிந்து வீடு சென்றதும், உம்மாவின் கைபேசியில் 1930ஐ அவர் படிக்கக்கூடிய பெயரில் நீங்களே பதிவு செய்து கொடுங்கள்.